வியாழக்கிழமை நோன்பு

பதுளை டவுனில் சப்பாத்துக் கடை வைத்திருக்கும் ஸியாமுக்கு நாற்பத்து நாலு வயதில் திடீரென்று வியாழக்கிழமை நோன்பின் மேல் ஆசை வந்தது. ரமழான் நோன்பு முப்பதையும் ஒழுங்காகப் பிடிக்கிறவன்தான், அதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் பெருநாள் பிறை கண்டால் அதோடு சரி. மற்றவர்கள் திங்களும் வியாழனும், கடமையில்லாவிட்டாலும் விரும்பிப் பிடிக்கிற சுன்னத்தான நோன்பு பிடிக்கும்போது, இவன் பத்து மணிக்கு எதிர்க் கடையில் இரண்டு ரோல்ஸும் ஒரு பிளேன்டீயும் சொல்லிவிட்டு அவர்களை மனதார வாழ்த்துகிற ஆள். அப்படிப்பட்டவன் விடியுமுன் எழும்பி, பழைய சோற்றைச் சுடவைத்துச் சாப்பிட்டு, இன்றைக்கு நோன்பு என்று மனதில் நிய்யத்தும் வைத்துக்கொண்டு நின்றால் பெண்சாதி சும்மா விடுவாளா?

"என்னமோ விசயம் ஈக்கி," என்றாள் ஸஜீதா. "இண்டைக்கு நமுனுகுலவுக்குப் போற நாள். அந்த வீட்டுக்குப் போறண்டா முந்தின நாளே பசிய சேத்து வெக்கிற ஆளு நீங்க. இண்டைக்குப் பாத்து நோன்பா?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற? செல்லுங்களே."

ஸியாம் சொல்லவில்லை. சொன்னால் அவள் சிரிப்பாள், இல்லாவிட்டால் ஏசுவாள். இரண்டுக்கும் அவனுக்கு அன்று தெம்பில்லை.

விஷயம் இதுதான். ஸியாமின் கூட்டாளி ரஜீவ் இறந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. ரஜீவ் நமுனுகுல மலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்திலேயே கணக்கு வாத்தியாராக இருந்தவன். பதினெட்டு வயதில் பதுளை டியூஷன் வகுப்பில் ஒரே வாங்கில் உட்கார்ந்த நாளிலிருந்து இருபத்தைந்து வருஷம் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டே திரிந்தார்கள். சனிக்கிழமையானால் ரஜீவ் பஸ் ஏறிக் கடைக்கு வந்துவிடுவான். வந்தவன் சும்மா இருக்க மாட்டான். சப்பாத்துப் போட்டுப் பார்க்கிறவர்களிடம், "இது கடிக்கும் அக்கா, வேணாம், அந்தக் கறுப்ப எடுங்க" என்று உள்ளதைச் சொல்லிக்கொண்டிருப்பான். ஸியாம் பல்லைக் கடிப்பான். ஆனால் வாத்தியார் சொன்னால் சரியாக இருக்கும் என்று சனம் அவனைத் தேடியே வந்தது. போன வருஷம் ஓகஸ்ட் லீவில், வீட்டு வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரம் கொடுக்கவில்லை.

அடக்கத்தன்று ஸியாம் கடைசி வரைக்கும் நின்றான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. போக ஆசை இல்லாமலா? மாதத்துக்கு இரண்டு தரம் போய் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு வந்த வீடு. ஆனால் கூட்டாளி இல்லாத வீட்டு வாசலில் போய் நின்று என்ன சொல்வது? ரஜீவைப் பார்க்க வந்தேன் என்று இனிச் சொல்ல முடியுமா? அடுத்த மாதம் போவோம், அடுத்த மாதம் போவோம் என்று வருஷமே ஓடிவிட்டது. பிறகு வெட்கமும் வந்து சேர்ந்துகொண்டது.

அப்படி இருக்கும்போதுதான் போன கிழமை ரஜீவின் அம்மா கருப்பம்மா போன் எடுத்தார்.

"தம்பி, வியாழக்கிழம அவனுக்கு வருஷப் படையல். நீங்க வந்துறணும். மொத எல ஒங்களுக்குத்தான்."

ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. வாறேன் அம்மா என்று சொல்லிவிட்டு போனை வைத்த பிறகுதான் ஸியாமுக்கு இடித்தது. படையல் என்றால், போனவருக்குப் பிடித்ததையெல்லாம் ஆக்கி, படத்துக்கு முன்னால் இலை விரித்துப் படைத்து, பிறகு அதையே எல்லாரும் பகிர்ந்து சாப்பிடுவது. படைத்த சாப்பாட்டை ஸியாம் சாப்பிட முடியாது. அது அவன் மார்க்கம், அதில் அவனுக்கு இரண்டாம் பேச்சில்லை. இத்தனை வருஷமும் தீபாவளி, பொங்கல், கோயில் திருவிழா என்று எத்தனையோ நாள் அங்கே சாப்பிட்டிருக்கிறான். ஒரு நாளும் சங்கடம் வந்ததில்லை. ரஜீவ் இருந்தான். "ஒனக்குத் தனியா இருக்கு, படைக்காதது. கோழியும் பாய் அறுத்ததுதான். எல்லாம் நான் பாத்துக்கிட்டேன், நீ தின்னு" என்று காதோடு சொல்லிவிட்டுத் தட்டை நகர்த்துவான்.

இனி யார் பார்த்துக்கொள்வது? மகனுக்குப் படையல் போடுகிற தாயிடம், "எனக்குத் தனியா ஆக்குங்க" என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் போய், அவர் கையால் போட்ட முதல் இலையைத் தள்ளி வைப்பதா? அந்த வீட்டில் அவன் வேண்டாம் என்று ஒரு தரமும் சொன்னதில்லை. ரஜீவ் இல்லாமல் போகிற முதல் நாளிலேயே அதைச் சொல்லிவிட்டால், பிறகு அந்த வாசலை மிதிக்கவே முடியாது என்று பயந்தான்.

நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டதில் ஒரு வழி தெரிந்தது. நாளோ வியாழக்கிழமை. நோன்பு என்று சொன்னால் யார் என்ன சொல்ல முடியும்? அம்மாவின் மனமும் நோகாது, மார்க்கமும் போகாது. உண்மையாகவே பிடித்துவிட்டால் பொய்யும் இல்லை. தனக்குள் இவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருப்பது ஸியாமுக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஸஜீதா இனிப்பாக அவித்துக் கட்டிக் கொடுத்த வட்டிலப்பப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு பசறை வழியாகப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தான். ஏலக்காய் வாசம் வளைவுக்கு வளைவு மூக்கில் வந்து இடித்தது. பஸ் ஏற்றத்தில் முனகத் தொடங்கியதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வழியில் அவன் முதல் தரம் போனபோது கூடவே ஆதிலாவும் வந்தாள். ஆதிலா அவனுடைய அக்கா. ஆனால் ஸியாமின் ஆட்கள் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். வம்பு அங்கேதான் தொடங்கியது.

டியூஷனில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம். தோட்டத்துத் திருவிழாவுக்கு வா என்று ரஜீவ் கூப்பிட்டான். வீட்டில் ஸியாமைத் தனியாக அனுப்ப விருப்பமில்லை. ஆதிலாவுக்கோ நமுனுகுல மலையைக் கிட்டப் போய்ப் பார்க்க ஆசை. "எங்கட தாத்தாவும் வாறா," என்றான் ஸியாம். ரஜீவ் வீட்டுக்குப் போய், "என் கூட்டாளியோட தாத்தாவும் வர்றாராம்" என்று அறிவித்துவிட்டான். தோட்டத்தில் தாத்தா என்றால் தகப்பனைப் பெற்றவர். 'வாறா' என்றது அவனுக்குக் கொஞ்சம் இடறியதுதான். அவர்கள் பேச்சே அப்படியாக்கும் என்று விட்டுவிட்டான்.

பதுளையிலிருந்து வயசான பாய் ஒருவர் மலையேறி வருகிறார் என்றதும் தோட்டத்து ஆட்களின் வீடுகள் வரிசையாக நிற்கிற லயம் முழுக்க அமளிப்பட்டது. ரஜீவின் வீடு மேல்கணக்கில், அதாவது தோட்டத்தின் உச்சிப் பகுதியில். ரோட்டிலிருந்து முந்நூறு படி. பெரியவர் எப்படி ஏறுவார் என்று யோசித்து, கிளாக்கர் ஐயா வீட்டுச் சாய்மனைக் கதிரையை இரவல் வாங்கி, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, தூக்க நாலு பேரோடு ரோட்டுக்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பல் இருக்குமோ இருக்காதோ என்று கருப்பம்மா ஒரு சட்டிச் சோற்றைக் குழைய ஆக்கி வைத்திருந்தார். வெற்றிலை இடித்துத் தயார். போர்த்துவதற்குப் புது வேட்டி தயார். பஸ் வந்து நின்றது. குதி உயர்ந்த செருப்போடு, இருபத்திரண்டு வயது ஆதிலா இறங்கினாள்.

"தாத்தா எங்கடா?" என்று ரஜீவ் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தான்.

"இந்தா, இதான் தாத்தா," என்றான் ஸியாம்.

கதிரை தூக்க வந்த நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதற்குள் கருப்பம்மா படியிறங்கி ஓடிவந்து, ஸியாமைப் பார்த்து, "வாப்பா! வாப்பா!" என்று இரண்டு கையையும் நீட்டினார். ஆதிலா திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவள் வீட்டுப் பேச்சில் வாப்பா என்றால் தகப்பன்.

"வாப்பா வரல்ல, அவர் கடையில ஈக்கார்," என்றாள்.

"யாரு கடையில?" என்றார் கருப்பம்மா.

அன்று ரோட்டோரத்தில் தொடங்கிய சிரிப்பு முந்நூறு படியும் ஏறி லயத்துக்குப் போன பிறகும் அடங்கவில்லை. கொண்டுவந்த கதிரையை வெறுமனே திருப்பிக் கொண்டுபோவதா என்று ஸியாமை அதில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். வெட்கத்தில் அவன் கண்ணை மூடிக்கொண்டான். குழைந்த சோறும் வேட்டியும் ஆதிலாவுக்குப் போயின. சாப்பிட உட்கார்ந்தபோது ரஜீவ் அவன் காதில், "கோழி பஸீல் நானா அறுத்தது. நான் பாத்துக்கிட்டேன்" என்றான். பஸீல் நானா சந்தியில் சில்லறைக் கடை வைத்திருந்தவர். இன்றைக்கும் கருப்பம்மா போனில் கதைத்தால், "தாத்தாவுக்கு மூட்டு வலி தேவலயா?" என்றுதான் ஆதிலாவை விசாரிப்பார். ஆதிலாவுக்கு இப்போது உண்மையிலேயே மூட்டு வலி.

பழசை நினைத்துச் சிரித்துக்கொண்டே இறங்கியவனுக்கு முந்நூறு படி சிரிப்பைப் பிடுங்கிக்கொண்டது. ஆவணி வெயில், அனல் காற்று, வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது அவனுக்குப் பேச்சே வரவில்லை. அது நல்லதாகப் போய்விட்டது. கருப்பம்மா வாசலில் நின்றார். எழுபது வயதுக்கு முதுகு இன்னும் நிமிர்ந்துதான் இருந்தது. அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "வாங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். ரஜீவின் மனைவி ஜீவராணி வந்து வட்டிலப்பத்தை வாங்கிக்கொண்டாள். எட்டு வயது மகள் மதுஷா அவன் முழங்கையைக் கட்டிக்கொண்டு, "மாமா, நீங்க மெலிஞ்சிட்டீங்க" என்றாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் அங்கேயே அழுதிருப்பான்.

ரஜீவ் வாத்தியாரானதும் வீட்டுக்கு முன்னால் இழுத்துக் கட்டிய முன்னறைக் காம்பராவில் படையல் வைத்திருந்தார்கள். படத்தில் நீலச் சட்டையோடு ரஜீவ் சிரித்தான். முன்னால் தலைவாழை இலை. கருவாட்டுக் குழம்பு, பலாக்காய்க் கறி, பருப்பு வடை ஒரு குவியல், ஒரு போத்தல் கிரீம் சோடா, லெமன் பஃப் பிஸ்கட் பக்கெட். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரனுக்குக்கூடக் கொடுக்காமல் ஒரு முழுப் பக்கெட்டையும் ஒளித்துத் தின்கிற ரஜீவை நினைத்து ஸியாம் சிரிப்பை அடக்கினான். சூடம் காட்டும்போது வெளியில் ஆண்களோடு தலையைக் குனிந்து நின்றான். ஒரு பிடி சோற்றைக் காகத்துக்கு வைத்தார்கள். கூரையில் காத்திருந்த காகம் மரியாதையே இல்லாமல் வந்து தின்றது.

பிறகு பந்தி. முப்பது பேர் இருக்கும். கருப்பம்மா ஒரு இலையைத் துடைத்து விரித்து, "தம்பி, ஒக்காருங்க" என்றார்.

ஸியாம் தொண்டையைச் செருமினான். நாலு நாள் ஒத்திகை பார்த்த வசனம். "அம்மா, கோவிச்சிக்காதீங்க. நான் இண்டைக்கு நோன்பு."

கருப்பம்மா கையில் அகப்பையோடு அவனைப் பார்த்தார். கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி நின்றுவிட்டுக் கேட்டார்.

"எத்தன மணிக்குத் தொறப்பீங்க?"

"ஆறு இருபத்தஞ்சுக்கு."

"அப்ப சரி. ஜீவா, எல்லாத்தையும் மூடி வையி."

"எதுக்கும்மா மூடணும்? நீங்க எல்லாரும் சாப்பிடுங்க!" என்று பதறினான் ஸியாம்.

"அது எப்புடி? மொத எல ஒங்களுக்குன்னு சொல்லியாச்சி. நீங்க வாய் வைக்காம இந்த வீட்டுல யாரும் வாய் வைக்கிறதில்ல. அவன் இருந்தா ஒங்கள பட்டினி போட்டுட்டு திம்பானா?"

மணி பன்னிரண்டே முக்கால். அந்த முப்பது பேர் முகத்தையும் ஸியாம் பார்த்தான். கருப்பம்மாவின் அண்ணன் சிவஞானம், பழைய கங்காணி, இந்தச் சாப்பாட்டுக்காகக் காலையில் ரொட்டியைக்கூட வேண்டாம் என்று விட்டவர். அவர் மெதுவாகச் சம்மணத்தை அவிழ்த்து எழும்பி, பெருமூச்சு விட்டு, வாசல் கல்லில் போய் உட்கார்ந்தார். பிள்ளைகள் மூடிய சட்டிகளைச் சுற்றி வட்டம் போட்டார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அதுதான் கொடுமை. மேல்கணக்கே மரியாதையாக நோன்பு பிடிக்கத் தொடங்கிவிட்டது, காகத்தைத் தவிர.

ஸியாம் கெஞ்சிப் பார்த்தான். "பிள்ளைகளுக்காவது குடுங்க" என்றான். "புள்ளைங்களுக்கு பிஸ்கட் குடுத்தாச்சி" என்றார் கருப்பம்மா. அவருக்கு வாக்கு வாக்குதான். லுஹர் என்கிற நடுப்பகல் தொழுகைக்கு உள் காம்பராவில் எப்போதும் போல அவனுக்குப் பாய் விரித்திருந்தார்கள். தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, பாதியோடு நின்ற சுவருக்கு அந்தப் பக்கத்தில் சிவஞானம் யாரிடமோ கேட்டது காதில் விழுந்தது.

"ஆறு இருபத்தஞ்சுன்னா, இன்னும் எத்தன மணித்தியாலம்?"

"அஞ்சு, மாமா."

"அப்ப எனக்கும் சேத்து ஒரு படையல் போட்டுருங்க."

ஸியாம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். ரஜீவ் இருந்திருந்தால் தரையில் உருண்டிருப்பான். அந்த நினைப்பு வந்ததும் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. இந்தச் சமயத்தில் மதுஷா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மிகவும் பணிவாக, "மாமா, நோன்ப கொஞ்சம் சீக்கிரமா தொறக்க ஏலாதா?" என்று கேட்டாள். அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. எழும்பி நேராகக் குசினிக்குப் போனான்.

கருப்பம்மா அடுப்பங்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, ஒரு விசயம் செல்லணும். ஏசினாலும் பரவால்ல."

"சொல்லுங்க."

"நான் வேணுமெண்டுதான் நோன்பு பிடிச்சேன். படைச்சத நான் தின்னக்கூடாது. ரஜீவ் இருந்தா எனக்குத் தனியா எடுத்து வெப்பான். இப்ப அவன் இல்ல. ஒங்க கையால வெச்சத வேணாமெண்டு செல்ல எனக்கு வாய் வராது. அதான் இப்புடி…"

கருப்பம்மா அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு முந்தானையை வாயில் வைத்தார். அழுகிறாராக்கும் என்று ஸியாம் பயந்துபோனான். அழவில்லை. தோள் குலுங்கியது. சிரிப்பு தாங்காமல் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ரஜீவா எடுத்து வச்சான்? அவனா?" என்று கண்ணைத் துடைத்தார். "அடி ஆத்தி! தம்பி, மொத மொதல்ல ஒங்கள கூட்டியாந்தானே, அன்னிக்கு அவன் என்ன ஆக்கச் சொன்னான்னு தெரியுமா? பன்னிக்கறி!"

"என்னது?"

"'நல்ல கூட்டாளி வர்றான்மா, பன்னிக்கறி ஆக்குங்க'ன்னான். பாய் வீட்டுப் புள்ளைக்காடா பன்னிக்கறின்னு தலையில ஒரு கொட்டு வச்சேன். அப்புறமா எனக்கே பயம் புடிச்சிக்கிச்சு. இவங்க என்ன திம்பாங்க, என்ன திங்க மாட்டாங்கன்னு எனக்கு என்னா தெரியும்? கோழிய கக்கத்துல வச்சிக்கிட்டு சந்திக்கு எறங்கி, பஸீல் நானாகிட்ட போயி கேட்டேன். அவருதான் எல்லாம் சொல்லிக் குடுத்தாரு. அறுத்தும் குடுத்தாரு. படைச்சத குடுக்கக் கூடாதுன்னும் அவருதான் சொன்னாரு. அன்னையிலருந்து எந்த விசேஷத்துக்கும் ஒங்க கோழி சந்திக்குப் போயித்தான் வருது. பஸீல் நானா மௌத்தாப் போன பெறகு அவரு மவன் அறுக்குறாரு."

"அப்ப ரஜீவ், நான் பாத்துக்கிட்டேன், நான் பாத்துக்கிட்டேன் எண்டு காதுல வந்து…"

"அவன் எதைப் பாத்தான்? தட்டத்தான் பாத்தான்!"

பின் கதவைத் திறந்து, பக்கத்து வீட்டு அடுப்பைக் காட்டினார். அங்கே ஒரு சட்டி தனியாக மூடியிருந்தது. விடியற்காலையே ஆக்கியது. படையல் பக்கம் போகக்கூடாது என்பதற்காகவே பக்கத்து வீட்டில் வைத்து ஆக்கியது. மூடியைத் திறந்தார். இருபத்தைந்து வருஷமாக ஸியாம் சாப்பிட்ட அதே கோழிக்கறி வாசம். இத்தனை காலமும் கூட்டாளியின் தயவில் சாப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு தரமும் இந்த அம்மா முந்நூறு படி இறங்கி ஏறியதைச் சாப்பிட்டிருக்கிறான். ஸியாமுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதோடு சேர்ந்து சிரிப்பும் வந்தது, மூக்கும் ஒழுகியது.

"இப்ப ஒடச்சா பாவமா தம்பி? பாவம்னா வேணாம். நாங்க இருக்கோம், ஆறு மணி ஒரு நேரமா?"

"இது கடமையான நோன்பில்லம்மா. விருந்துக்குக் கூப்புட்டவங்க மனசு நோகுமெண்டா முறிக்கலாம், வேற நாளைக்குப் பிடிச்சிக்கலாமெண்டு மௌலவி செல்லித் தந்தீக்கார்."

"அப்புறம் என்ன? மொதல்லயே கேட்டிருந்தா அந்த மனுஷன் பாதி உசுரு போயிருக்காதே! அண்ணே! எந்திரிச்சி வாங்க!"

சிவஞானம் எழுபத்தைந்து வயதில் அப்படி ஓடிவருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஸியாம் முதல் இலையில் உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி ஒரு வாய் வைத்தான். முப்பது பேர் அந்த ஒரு வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது தொண்டையில் இறங்கியதும் லயமே சாப்பாட்டில் விழுந்தது. அதன் பிறகு அரை மணி நேரத்துக்குச் சட்டிச் சத்தமும் சிரிப்புச் சத்தமும்தான். பன்றிக்கறிக் கதையைக் கருப்பம்மா எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். படத்திலிருந்த ரஜீவைக் கைகாட்டி, "மொகத்தப் பாரு, ஒன்னும் தெரியாத மாதிரி!" என்று ஜீவராணி சிரித்தாள். அவள் சிரித்து ஒரு வருஷமாம். மதுஷா ஒரு கையில் வடையும் மறு கையில் வட்டிலப்பமுமாக ஸியாமின் மடியில் வந்து உட்கார்ந்தாள்.

கருப்பம்மா அவன் இலையில் இன்னொரு அகப்பை கறி ஊற்றிவிட்டு, எதிரில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, ஒரு புள்ளதான் போச்சின்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். நீங்களும் வரல. மாசம் மாசமாப் பாத்தேன். ரெண்டு புள்ளையும் போச்சின்னு வச்சிக்கிட்டேன்."

ஸியாமின் கை சோற்றிலேயே நின்றது. "வரணுமெண்டு எத்தின தரம் வெளிக்கிட்டேன் அம்மா. அவன் இல்லாம, இந்த வாசல்ல வந்து நிண்டு என்னத்த செல்லிக்கிட்டு வாறது?"

"பசிக்குதுன்னு சொல்லிக்கிட்டு வாங்க," என்றார் கருப்பம்மா.

சொல்லிவிட்டு, சிவஞானத்துக்கு மூன்றாம் தரம் சோறு போட எழும்பிப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கடை பூட்டிய நாள், ஸியாம் போனைக் கையில் எடுத்தான். ஸஜீதாவும் பிள்ளைகளும் ஏற்கனவே உடுத்திக்கொண்டு நின்றார்கள். ஆதிலா முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா," என்றான் ஸியாம். "பசிக்கிது."

அந்தப் பக்கம் சட்டி ஒன்றை அடுப்பில் ஏற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு கருப்பம்மா கேட்டார்.

"எத்தன பேருக்கு?"